கழுவிய காலோடு

என் ஆசை அண்ணனுக்கு,

தானே புயல் கடலூரில் நம் கோயில் வேப்பமரத்தைச் சாய்த்துவிட்டது. உன் கல்லறைச் சிலுவைக்கு ஒன்றும் ஆகவில்லை. பண்ருட்டிப் பக்கம் பலாத்தோப்பெல்லாம் படுத்துக் கிடக்கிறது, நீ பார்த்தால் தாங்கமாட்டாய். அங்கே மேலே பலாப்பழம் கிடைக்கிறதா?

இந்தப் பெரிய வியாழனோடு கோயிலுக்கு ஒரு பெரிய கும்பிடு போட்டுவிடுவது என்று, சிதம்பரத்தில் பஸ் ஏறும்போதே முடிவு செய்திருந்தேன். காரணம் உனக்குத் தெரியும்.

இயேசு சீடர்களுக்குக் கழுவியதுபோல் அன்றைக்குச் சாமியார் பாதம் கழுவும் பன்னிரண்டு நாற்காலியில் நம் தெருவுக்கு என்றைக்கும் இடமில்லை. ஒரே ஒரு வருஷம் உன்னைக் கூப்பிட்டார்கள். நாளெல்லாம் பஸ்ஸில் நின்று டிக்கெட் கிழித்த கண்டக்டர் கால். வெடிப்பு வெடிப்பாகத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவினாய். "ஃபாதருக்கு ஒண்ணும் மிச்சம் வைக்கமாட்ட போலிருக்கே" என்று கேலி செய்தேன்.

நீ நாற்காலியில் உட்கார்ந்த பிறகு, கோயில் நிர்வாகம் பார்க்கும் பங்குப் பேரவைப் பெரியவர் வந்து உன் காதில் ஏதோ சொன்னார். பெரிய வீட்டுக்காரர் ஒருவர் தாமதமாக வந்திருந்தார். நீ எழுந்து கடைசி வரிசைக்கு வந்து நின்றாய். நற்கருணை அப்பமும் வாங்கினாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சாதி பாக்குற கோயிலு நமக்கு எதுக்குண்ணே?" என்று கேட்டேன்.

"கூரை ஒழுவுதுன்னு வூட்ட வுட்டுட்டா போறோம்? சுனாமி வந்தப்போ எல்லாத் தெருவும் ஒண்ணா உக்காந்து சாப்ட்டுச்சே, அதுவும் இதே கோயிலுதான் புள்ள" என்றாய்.

அதன்பிறகும் ஒவ்வொரு பெரிய வியாழனும் காலைத் தேய்த்துக் கழுவிக்கொண்டுதான் போனாய். கேட்டால், "கூப்ட்டா ரெடியா இருக்கணுமில்ல?" என்பாய். கடைசிவரை கூப்பிடவே இல்லையே, அண்ணே.

இந்த வருஷம் நடந்ததைக் கேள். பன்னிரண்டில் ஒரு நாற்காலி காலி. அதே பெரியவர் சுற்றிலும் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் என் வீட்டுக்காரரை, உன் மச்சானைக் கைகாட்டினார். கீரப்பாளையத்தில் வேலை முடித்து நேராக பைக்கில் வந்த மனுஷன், கால் முழுக்கப் புழுதி. "ஐயோ, காலு கழுவலையே!" என்று வெளியே குழாயடிக்கு ஓடினார். கழுவத்தான் கூப்பிடுகிறார்கள், இவர் கழுவிக்கொள்ள ஓடுகிறார்! திரும்பி வருவதற்குள், அப்போதுதான் வந்துசேர்ந்த தன் தம்பியைப் பெரியவர் உட்காரவைத்துவிட்டார்.

கோயில் படியில் கால் சொட்டச் சொட்ட நின்றார். "வாங்க போலாம். இனிமே இந்தப் படிய மிதிக்கக் கூடாது" என்றேன்.

அவர் அசடு வழிந்தார். "இருடி, பூசை முடியட்டும். அடுத்த வருஷம் வூட்லயே கழுவிட்டு வந்துர்றேன்."

உன் வியாதியை இவருக்கும் ஒட்டவைத்துவிட்டுத்தான் போயிருக்கிறாய். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. குனிந்து என் முந்தானையால் அவர் காலைத் துடைத்துவிட்டேன். உள்ளே சாமியாரும் அப்போது துண்டோடு குனிந்திருந்தார். பிறகு இரண்டுபேரும் போய், நீ நிற்கிற இடத்திலேயே நின்றோம்.

அந்தப் பெரியவரை மன்னித்துவிட்டேனா? இன்னும் இல்லை. பேரவைக் கூட்டத்துக்குப் போய்ச் சண்டை போடத்தான் போகிறேன், தடுக்க நீயும் இல்லை. ஆனால் கோயிலை விட்டுப் போகமாட்டேன், அண்ணே. இது உனக்கு நான் தரும் வாக்கு. அடுத்த பெரிய வியாழன் உன் மச்சானின் காலை நானே நார் போட்டுத் தேய்த்து அழைத்து வருவேன். என் காலையும் கழுவிக்கொள்வேன்.

பெண்களுக்கு அங்கே நாற்காலி கிடையாது, தெரியும். இருந்தாலும், கூப்பிட்டால் ரெடியாக இருக்கவேண்டுமில்லையா?

கடைசி வரிசையிலிருந்து,
உன் தங்கச்சி