கரண்ட் இல்லாத நேரத்து வெளிச்சம்

மார்ச் 11

நாளைக்குக் கணக்குப் பரீட்சை. படிக்கவில்லை. போர்வைக்குள் டார்ச்சை வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். அம்மா பார்த்தால் தொலைந்தேன்.

சாயங்காலம் ஊருக்கே கரண்ட் இல்லை. எல்லோரும் தெருவில் நின்றார்கள். நான் கோழிப்பண்ணையில் வேலை செய்யும் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். இருட்டுகிற நேரம். தண்ணீர்த் தொட்டிக்கு மேலே அது வந்து நின்றது. கவிழ்த்த அண்டா மாதிரி. சத்தமே இல்லை. அதன் வெளிச்சத்தில் என் கை நரம்புகூடத் தெரிந்தது. விடிந்துவிட்டதென்று கோழிகள் ஒரேயடியாகக் கத்தின. முதலாளி செருப்பை விட்டுவிட்டு ஓடினார். அப்பா ஓடவில்லை. கொட்டகையின் படுதாக்களை ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருந்தார். நேரங்கெட்ட வெளிச்சம் பட்டால் கோழி முட்டையிடுவது கெட்டுப்போகுமாம். கடைசிப் படுதா இறங்குவதற்குள் அது போய்விட்டது.

நான் வீட்டுக்கு ஓடி வந்தேன். பக்கத்து வீட்டுத் தையல்கார அத்தையும் அதைப் பார்த்திருக்கிறாள். என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"வானமே இடிஞ்சு விழுந்தாலும் உங்கப்பாவுக்கு முட்டைதான்" என்று அம்மா சிரித்தாள்.

மார்ச் 12

ராணுவ லாரிகள். பண்ணையைச் சுற்றிக் கயிறு. பள்ளிக்கூடத்தையும் எடுத்துக்கொண்டார்கள். பரீட்சை இல்லை. ஆனாலும் சந்தோஷமாக இல்லை.

மார்ச் 15

விசாரணை முடியும்வரை முட்டை வண்டி உள்ளே வரக்கூடாதாம். வெயிலில் முட்டைகள் அழுகுகின்றன. அந்த நாற்றம் சோற்றில், தலையணையில், என் ஜடையில். ஊரில் பாதிப்பேர் பண்ணைச் சம்பளத்தில்தான் சாப்பிடுகிறார்கள். அன்றைக்கு ஓடாமல் நின்றது அப்பா மட்டும்தான் என்று எல்லோரும் எங்கள் வீட்டையே பார்க்கிறார்கள்.

அதிகாரி பூட்ஸோடு உள்ளே வந்தார். பேனா மூடியால் காதைக் குடைந்தபடியே கேள்வி கேட்டார். குடைந்ததை மூடியிலிருந்து எங்கள் பாயில் துடைத்தார். அப்பா நடந்ததை நடந்தபடி சொன்னார்.

"எல்லாரும் ஓடினப்ப நீங்க மட்டும் படுதாவ இறக்கியிருக்கீங்க. யாருக்கு சைகை காட்டினீங்க?"

"கோழிக்காகங்க" என்றார் அப்பா.

வாசலில் நின்ற சிப்பாய்கள் சிரித்தார்கள். அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்களோ?

மார்ச் 16

எல்லோரையும் என் வகுப்பறைக்கு வரச் சொன்னார்கள். அப்பா சொன்ன உண்மையை வைத்தே அதிகாரி ஒரு கதை கட்டியிருந்தார். நாங்கள் பார்த்தது கொட்டகை விளக்குதானாம். படுதா இறங்கியதும் மறைந்துவிட்டதாம். ஒப்புக்கொண்டால் நாளைக்கே கயிறு அவிழும். ஒவ்வொருவராகத் தலையாட்டினார்கள். தையல்கார அத்தையும்.

நான் எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. "அன்னிக்குக் கரண்டே இல்லையே சார்."

"ஜெனரேட்டர் ஓடிச்சு" என்றார் முதலாளி, என் பக்கம் திரும்பாமலே.

அந்த ஜெனரேட்டருக்குள் எலி குட்டி போட்டிருக்கிறது. போன வாரம் என்னைக் கூப்பிட்டுக் காட்டியதே அவர்தான்!

அதிகாரி அப்பாவிடம் கேட்டார், ஓடியதா என்று. அத்தனை பேரும் அப்பாவையே பார்த்தார்கள். அம்மாவும்தான்.

"ஓடிச்சுங்க. நான்தான் போட்டேன்."

சீ. என்ன மனுஷங்க இவங்க. என்ன அப்பா இவரு. இனிமே பேச மாட்டேன்.

மார்ச் 17

கயிறு அவிழ்ந்தது. அழுகிய முட்டைகளைக் குழி தோண்டிப் புதைத்தார்கள். முதலாளி நல்ல முட்டையாக ஒரு தட்டு கொடுத்தனுப்பினார். அம்மா பொரித்தாள். நான் தொடவில்லை. அப்பாவும் தொடவில்லை என்பதை இப்போது எழுதும்போதுதான் நினைக்கிறேன்.

மார்ச் 30

அப்பாவுக்கு இப்போது 'ஜெனரேட்டர்' என்று பெயர். "என்ன ஜெனரேட்டரு, இன்னிக்கு ஓடுதா?" யாருக்காகப் பொய் சொன்னாரோ அவர்களேதான் கேட்கிறார்கள். அவரும் சிரிக்கிறார். அந்தச் சிரிப்புதான் எனக்குக் குமட்டுகிறது.

ஏப்ரல் 9

அம்மாவுக்குக் காய்ச்சல். அதனால் இன்னும் அப்பாவோடு பேசாத நான்தான் சாப்பாடு கொண்டுபோனேன். மறுபடியும் கரண்ட் இல்லை. அப்பா காற்றுக்காகப் படுதாக்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். திடீரென்று தொட்டிக்குப் பின்னால் வெளிச்சம். அப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கை தானாகக் கயிற்றுக்குப் போய், படுதா சரசரவென்று இறங்கியது.

வளைவில் திரும்பிய லாரி. அவ்வளவுதான். அதன் விளக்கு வெளிச்சம் எங்கள் மேல் பட்டுவிட்டு நகர்ந்தது.

அப்பா கயிற்றை விடாமல் நின்றார். நான் பார்த்துவிட்டேன் என்பது அவருக்குத் தெரியும்.

நான் அடுத்த கயிற்றைப் பிடித்தேன்.

"சாப்பாடு ஆறுதுப்பா" என்றேன்.