சத்தம் இல்லாத வெள்ளிக்கிழமை

அக்கா,

நேற்றுக் கோயில் அலுவலகத்தில் கேமராப் பதிவுப் பெட்டியின் மூடியைத் திறந்ததும் சூடான தூசி மணம் வந்தது. ஞாயிறுதோறும் நீங்கள் பிரஷ்ஷால் தட்டிவிடுவீர்கள். ஒரு மாதமாக யாரும் தொடவில்லை.

அந்தப் பெட்டி முப்பது நாள் பதிவைத்தான் வைத்திருக்கும். பிறகு தானே அழித்துவிடும். நீங்கள் கடைசியாகக் கோயிலுக்கு வந்த வெள்ளிக்கிழமைக்கு நேற்று முப்பதாவது நாள். அதற்கு மறுநாள்தான் கடற்கரைக்குப் போகும் வுங் டாவ் சாலையில் உங்கள் மோட்டார் பைக் லாரியில் மோதி, நீங்கள் இல்லாமல் போனீர்கள். "அவ முகத்தை ஒரு தரம் பாக்கணும்டி" என்று உங்கள் அம்மா கூப்பிட்டார். கடவுச்சொல் நம் இருவருக்கு மட்டும்தானே தெரியும்.

நீங்கள் சமுதாயக் கல்லூரியில் பாதுகாப்பு அறிவியலும் தொழில்நுட்பமும் படித்தீர்கள். பாடப்புத்தகம் ஆங்கிலத்தில் இருந்ததால் கான் ஹொய் பகுதியில் இருக்கும் வீட்டு மாடியில் நான் வாசித்துத் தமிழில் சொல்வேன். நடுநடுவே சந்தேகமும் கேட்பேன். "ட்ரோய் ஓய், கடவுளே! பரீட்சை எனக்கா, உனக்கா?" என்று தலையில் கை வைத்துக்கொள்வீர்கள்.

கோயில் கேமராக்கள் உங்கள் செய்முறைத் தேர்வுக்காகப் பொருத்தியவை. இங்கே வருகிற வியட்நாமியப் பெண்கள் கருங்கல் சுவரில் நெற்றியை ஒட்டி, வேண்டுதலைச் சுவரிடமே முணுமுணுப்பார்கள். நாமும் அப்படியே பழகிவிட்டோம். சோதித்துப் பார்த்த அன்று, ஒரு பெண் தன் கணவனைப் பற்றி அழுதது ஒலிபெருக்கியில் தெளிவாகக் கேட்டது. உடனே மைக்கை அணைத்தீர்கள்.

"ஒலியும் சான்றுன்னு புத்தகத்தில இருக்கே அக்கா" என்றேன்.

"யார் வர்றா, யார் போறான்னு பாக்கத்தான் கேமரா வெச்சிருக்கோம். சாமிகிட்ட சொல்றதை ஒட்டுக் கேக்கவா?"

அதற்காக மதிப்பெண் குறைத்தார்கள். "குறைச்சா குறைச்சுட்டுப் போறாங்க" என்றீர்கள்.

நேற்றுத் திரையில் நீங்கள் அதே சுவரில் சாய்ந்து நின்றீர்கள். உதடுகள் வெகுநேரம் அசைந்தன. என்ன கேட்டீர்கள் என்று அன்று வாசலில் நான் நச்சரித்தபோது, "கிடைச்சதும் சொல்றேன், வாயாடி" என்றீர்களே.

"என்னடி கேக்கிறா? சத்தம் வை" என்றார் உங்கள் அம்மா.

"சத்தம் இல்லை அத்தை. அக்காதான் அணைச்சாங்க."

"உதட்டைப் பாத்தே பேச்சைச் சொல்ற ஆப் இருக்காமே? காப்பி எடு."

பென் டிரைவைச் செருகினேன். அதற்கு மேல் எதையும் அழுத்தவில்லை. தமிழில் கேட்டீர்களா, வியட்நாமியத்திலா என்றுகூட எனக்குப் புரியவில்லை. பெற்ற தாய்க்கு இல்லாத உரிமை எனக்கு எங்கிருந்து வந்தது? ஆனால் சுவரிடம் சொன்னதை அவருக்கென்று நீங்கள் சொல்லவில்லையே.

கடைசியில் ஒரே ஒரு படத்தை மட்டும் எடுத்தேன். உள்ளே நுழையும்போது, சரியாக இருக்கிறதா என்று கேமராவை நிமிர்ந்து பார்க்கிறீர்கள். வாய் மூடியிருக்கிறது.

"இது போதுமா அத்தை?"

அவர் படத்தை வாங்கிக்கொண்டார். வீடு வரும்வரை எனக்கு முன்னாலேயே நடந்தார்.

இன்று காலை போய்ப் பார்த்தேன். அந்த வெள்ளிக்கிழமை அழிந்துவிட்டது. நான் செய்தது சரியா என்று பாடப்புத்தகத்தைப் புரட்டினேன். அப்படி ஒரு பாடமே இல்லை. பிறகு சுவரில் நெற்றியை வைத்து, "அக்கா என்ன கேட்டாங்களோ, அதைக் கொடுத்துடு" என்றேன்.

யாருக்குக் கொடுக்கச் சொன்னேன் என்று இன்னும் தெரியவில்லை, அக்கா.