கடைசி ஸ்டேஜ் சக்கரவர்த்தி

ஏலே,

நேற்றுச் சாயங்காலம் என் மகள் தன் டேப்லெட்டை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். அதில் ஒரு ராட்சசன் கைலி கட்டி, மூக்குக்கண்ணாடி போட்டு, தரையில் சம்மணமிட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். அவள் விளையாடும் ஏதோ வீடியோ கேமில் உலகத்தையே அழிக்க வருகிற வில்லனாம். கேமில் அவனுக்குக் கொம்பும் கவசமும் உண்டு. இவள் தன் பிரியத்துக்கு அவனை நம் வீட்டு ஆளாக்கி வரைந்திருக்கிறாள். இப்படி வரைவதற்கென்றே ஊர் ஊருக்கு ஆட்கள் இருக்கிறார்களாம்.

"அப்பா, இவனுக்கு இந்தப் பேரு எப்படி வந்துச்சு தெரியுமா? கேம் செஞ்ச ஆளு, தன்கூடப் படிச்ச ஒருத்தரோட பேர எடுத்து வச்சிட்டாராம். அந்த மனுசன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருப்பாராப்பா?"

பால் பொங்குகிறது என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன். அடுப்பில் பால் இல்லை. அடுப்பே எரியவில்லை. ஐம்பத்து மூன்று வயசு மனுசன் சமையலறையில் காலிச் சட்டிக்குக் காவல் நின்றேன். உன்னை நினைத்துக்கொண்டுதான்.

உன் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அதை ஒரு முறை நான் எழுதியதே போதும்.

நீ போய் ஒரு வருசம் ஆகப் போகிறது. அதற்கு முன் முப்பது வருசம் ஒரே டீக்கடையில் என் எதிரே உட்கார்ந்திருந்தாய். அப்போதெல்லாம் சொல்லாததை இப்போது எழுதுகிறேன். நீ எழுந்து வந்து அறைய மாட்டாய் என்ற தைரியம்தான். என் வீரம் எப்போதுமே இந்த அளவுதான் என்பது உனக்குத் தெரியும்.

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அண்ணாச்சி வைத்திருந்த டிவி கேம் கடை ஞாபகம் இருக்கிறதா? இரண்டு டிவி, ஒரு மின்விசிறி, வியர்வை நாற்றம். பட்டப்படிப்பை முடித்துவிட்டு எந்த வேலைக்கும் தகுதியில்லாமல் இருந்த என்னைப் போன்ற அறிவாளிகளின் சபை அது. நீ உள்ளே வர மாட்டாய். உரக்கடை வேலை முடிந்து, பரளச்சி பஸ்ஸுக்குப் போகிற வழியில் வாசலில் நின்று, "ஏலே, டீ குடிக்க வாரியா, இல்ல அந்தப் பெட்டிக்குள்ளயே குடித்தனம் வைக்கப் போறியா?" என்று சத்தம் போடுவாய். டீ எப்போதும் உன் செலவு.

அங்கே ஒரு கேசட். கடைசி ஸ்டேஜில் ஒருவன் வருவான். இரும்புச் சட்டை. முகத்தில் பாதி வெள்ளை, பாதி கறுப்பு. அவன் பெயர் திரையில் வரும், ஆனால் ஜப்பான் எழுத்து. அருப்புக்கோட்டையில் அதைப் படிக்க ஆள் இல்லை. அதனால் அவன் வெறும் 'கடைசி ஆளு'. பெயரில்லாத வில்லனை எப்படித் திட்டுவது என்பது எங்களுக்கெல்லாம் பெரிய கவலையாக இருந்தது.

உன் வலது நெற்றியில் ஆரம்பித்த வெண்புள்ளி அந்த வருசம் கன்னத்தைத் தாண்டித் தாடைக்கு வந்திருந்தது. உனக்கு அதைப் பற்றி வெட்கம் கிடையாது. எம்.ரெட்டியபட்டியில் பெண் பார்க்கப் போனபோது உச்சி வெயிலில் போனாயே, எதற்கென்று கேட்டேன். "நல்ல வெளிச்சத்துல பாத்துக்கட்டும்லே. பெறகு எவனும் ஏமாத்திட்டேன்னு சொல்லப்பிடாது" என்றாய். வாசலிலேயே நின்று, இன்னின்ன டாக்டர், இன்னின்ன மருந்து, இது போகாது என்று அவள் அப்பாவிடம் நீயே சொன்னாயாம். உள்ளேயிருந்து அந்தப் பெண்ணின் குரல் வந்ததாம்: "வெயில்ல நின்னது போதும், அவுகள உள்ள வரச் சொல்லுங்க."

இதைச் சொல்லும்போது நீ டீயை ஆறவிட்டுவிட்டாய். அப்படி ஒரு முகத்தை அதற்கு முன் உன்னிடம் நான் பார்த்ததில்லை. எனக்கு அதே மாதம் இரண்டு வீட்டில் 'வேலை கிடைக்கட்டும், பாப்போம்' என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஒரு வெண்புள்ளியும் இல்லாத என் முகத்தை யாரும் உள்ளே கூப்பிடவில்லை.

உங்கள் மாதா கோயிலில் முதல் கல்யாண ஓலை படித்த ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிப்போனாய். மூன்று ஞாயிறு படித்தால்தான் கல்யாணம் என்று நீதான் விளக்கினாய். பங்குச் சாமியார் உன் பெயரையும் அவள் பெயரையும் வாசித்து, இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்ல வேண்டும் என்றார். நான் உன் காதில், "எனக்குத் தெரியும் சாமி. இவன் போயிட்டா எனக்கு டீ வாங்கிக் குடுக்க நாதி இல்ல" என்றேன். சிரிப்பை அடக்க முடியாமல் நீ குனிந்து செருப்பைத் தேடுவதுபோல் நடித்தாய். செருப்பு வெளியே கிடந்தது.

அன்று மத்தியானம்தான் அதை வரைந்தேன்.

பழைய காலண்டர் தாளின் முதுகில். அந்தக் கடைசி ஆளுக்கு இரும்புச் சட்டையைக் கழற்றிவிட்டுக் கைலியும் துண்டும் போட்டேன். சிம்மாசனத்துக்குப் பதில் உர மூட்டை. பின்னால் சீமைக்கருவேலம், தண்ணீர் இல்லாத கண்மாய். முகம் உன் முகம். வெள்ளை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது எனக்கு மனப்பாடம்; தினமும் எதிரே பார்க்கிற முகமாயிற்றே. கீழே உன் பெயரை எழுதி, கூடவே 'சக்கரவர்த்தி' என்று போட்டேன். என் கையெழுத்து உனக்குத் தெரியும் என்பதால் இடது கையால் எழுதினேன். வெறும் வேடிக்கைதான் என்று முப்பது வருசமாக எனக்கு நானே சொல்லி வருகிறேன். வேடிக்கை செய்கிறவன் கையை மாற்ற மாட்டான்.

அண்ணாச்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, டிவிக்குப் பக்கத்தில் ஒட்டினார். எனக்கு அரைமணி நேரம் இலவச ஆட்டம். எழுதிப் பிழைக்கிற நான் வாங்கிய முதல் சம்பளம் அதுதான்.

"சக்கரவர்த்தி வாரான்டா, குத்துடா!" கடைக்குள் ஆரம்பித்தது ஒரே வாரத்தில் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தது. உரக்கடை வாசலில் சைக்கிளில் போகிறவர்கள் கத்திவிட்டுப் போனார்கள். உனக்கு விவரம் தெரியாது. கல்யாணக் கேலி என்று நினைத்து, நீயும் ராஜா மாதிரி கையை உயர்த்திக் காட்டினாய். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

இரண்டாவது ஓலையும் படித்தாகிவிட்டது. அந்த வாரம் அவளுடைய தம்பி, டவுனில் படிக்கிறவன், கடைக்குள் வந்திருக்கிறான். படத்தைப் பார்த்தான், பெயரைப் படித்தான். வியாழக்கிழமை அவள் அப்பா உரக்கடைக்கே வந்துவிட்டார்.

"தோலு விசயத்த நீங்களா வந்து சொன்னீக மாப்ள, அத நாங்க பெருசா நெனைக்கல. ஆனா ஊரே கைகொட்டிச் சிரிக்கிற ஆளுக்கு நான் எப்படிப் பொண்ணக் குடுக்க? நாளைக்கு எம்மகளயில்ல சக்கரவர்த்தி பொண்டாட்டிம்பான்."

நம் பக்கம் பட்டப்பெயர் வைத்தால் அது ஒருத்தனோடு நிற்காது, பெண்டாட்டி பிள்ளைக்கும் பாத்தியதையாகப் போகும். அது அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்கும் தெரியும். மூன்றாவது ஓலையைச் சாமியார் படிக்கவில்லை.

நீ என்னைத்தான் தேடி வந்தாய். "எவன்னு கண்டுபிடிக்கணும்லே, கூட வா" என்றாய். வந்தேன். அண்ணாச்சியிடம் நீ மெதுவாகத்தான் கேட்டாய். நான்தான் மேசையைத் தட்டினேன். "ஒரு மனுசன் வாழ்க்கையில வெளையாடிட்டீகளே அண்ணாச்சி, இது நியாயமா?" என்று கத்தினேன். அவர் என்னையே பார்த்தார். பிறகு, "எவனோ ஒட்டிட்டுப் போயிட்டான் தம்பி, கடைன்னா நாலு பேரு வாரான் போறான்" என்று சொல்லிப் படத்தைக் கிழித்தார். நீ வெளியே போனதும் என்னிடம் சொன்னார்: "நானும் சிரிச்சேன், அதான் வாய மூடிக்கிட்டேன். இனிமே நீ என் கடைப் படி ஏறாத." அதோடு டிவி கேம் விளையாடுவதை விட்டேன். ஊரில் என்னை ஒழுக்கமாகிவிட்டான் என்றார்கள்.

நீ அப்புறம் கல்யாணப் பேச்சையே எடுக்கவில்லை. உரக்கடை உன்னுடையதானது. நான் நகைச்சுவை எழுத்தாளன் ஆனேன். ஆண்டு விழாக்களில் கூப்பிட்டுத் துண்டு போர்த்துகிற அளவுக்கு. எதை எழுதினாலும் முதலில் படிக்கிறவன் நீ. ஒரு தடவை பத்திரிகையை மடித்து வைத்துவிட்டுச் சொன்னாய்: "ஏலே, நீ யாரையும் நோகடிக்காம எழுதுறலே. அதான் எனக்குப் பிடிச்சிருக்கு." எனக்குப் புரையேறியது. நீ எழுந்து வந்து என் தலையில் தட்டினாய்.

உன் அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் ஒரு அம்மாள் என்னிடம் வந்தார். பாதி நரைத்த தலை, கூட ஒரு வளர்ந்த பையன். எம்.ரெட்டியபட்டியிலிருந்து வருவதாகச் சொன்னார். அதற்கு மேல் அறிமுகம் தேவைப்படவில்லை.

"நீங்கதான அவுக கூட்டாளி? அந்தப் படத்த நான் பாக்கல. எங்க வீட்டுல பேரு மட்டுந்தான் சொன்னாக. என்ன பேரு வச்சா என்ன, நான் கட்டிக்கிறேன்னுதான் சொன்னேன். யாரு கேட்டா? அத வரைஞ்சது யாருன்னு அவுகளுக்குக் கடைசி வரைக்கும் தெரியாமலே போச்சா? உங்களுக்காச்சும் தெரியுமா?"

உன்னை இறக்கிக்கொண்டிருந்தார்கள். கயிறு உரசுகிற சத்தம் கேட்டது.

"தெரியலம்மா" என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய் ஒரு பிடி மண் போட்டார்.

படம் வரைந்ததை இருபத்திரண்டு வயசின் தலையில் கட்டிவிடலாம். பொறாமை, திமிர், வேலையில்லாத மத்தியானம் என்று எத்தனையோ காரணம் சொல்லலாம். இந்த 'தெரியலம்மா'வை எதன் தலையில் கட்டுவது? உன்னிடம் சொல்லக் கிடைத்த முப்பது வருசத்தையும் டீ குடித்தே தீர்த்துவிட்டேன். அவரிடம் சொல்லக் கிடைத்த ஒரு நிமிசத்தையும் பொய்யாக்கிவிட்டு வந்திருக்கிறேன்.

உனக்கு எழுதுவது சுலபமாகத்தான் இருக்கிறது. எம்.ரெட்டியபட்டிக்கு இங்கிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது. இப்போது ஷேர் ஆட்டோகூடப் போகிறது. மூன்று தடவை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்விட்டேன். இன்னும் ஏறவில்லை.