நீங்கள் குடிக்காத குளிர்பானம்

கப்றில் உறங்கும் என் மச்சானுக்கு, உங்கள் மச்சியின் ஸலாம் வந்து சேரட்டும்.

இத்தா முடிந்து வெளியே வந்து இருபது நாளாகிறது. நான்கு மாதமும் பத்து நாளும் வாசல் திரையைத் தாண்டவில்லை, அந்நிய ஆண் எவரோடும் கதைக்கவில்லை. உங்களுக்காக ஓதினேன், அழுதேன், உங்கள் சேட்டுகளைத் தோய்த்து மடித்து வைத்தேன். ஒன்றை மட்டும் எவரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை என்பது நான் எனக்கே சொல்லிக்கொண்ட சாட்டு. கேட்க யாரும் உள்ளே வர ஏலாது என்பது எனக்கு வசதியாகவும் இருந்தது. அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

நேற்று மீன் வாங்கப் போனேன். சந்தைக்குப் பக்கத்தில், கடலைப் பார்த்த அதே திடலில், அதே குளிர்பானக் கம்பனியின் லொறி வந்து நிற்கிறது. இந்த முறை வேறு விளையாட்டு. பனை உயரத்துக்கு ஒரு திரை, அதில் வெறும் போத்தல் படம். மைக்கில் எவ்வளவு பலமாகக் கத்துகிறோமோ அவ்வளவுக்குப் போத்தல் நிரம்புமாம். பாதி நிரப்பினால் தொப்பி, கழுத்து வரை நிரப்பினால் ரீசேட், வழிய வழிய நிரப்பினால் கைப்பேசி. மூதூர்ப் படகுக்குக் காத்திருந்தவர்கள், வங்கிக்கு வந்தவர்கள், பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் என்று வரிசை வீதி வரைக்கும் நீண்டிருந்தது. ஊருக்குள் திரியும் மான்களில் இரண்டு ஓரமாய் நின்று கம்பனியின் கடதாசிப் பதாகையை மென்றுகொண்டிருந்தன.

"கத்துங்க ஐயா! வீட்டில பொஞ்சாதிக்கு முன்னால வாய் திறக்க ஏலாதுதானே, இஞ்ச வந்து திறங்க!"

அதே அறிவிப்பாளர், மச்சான். அதே குரல். என் கையிலிருந்த மீன் பை கீழே விழுந்துவிட்டது.

இந்தக் கடிதத்தை நீங்கள் மட்டும் படிக்கப் போவதில்லை. பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன். உங்களைப் பார்த்துச் சிரித்தவர்கள், கைதட்டியவர்கள், பிறகு வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தவர்கள் எல்லோரும் இதையும் கேட்க வேண்டும். ஆகவே உங்களுக்குத் தெரிந்த விசயங்களையும் நான் எழுத வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து மாதத்துக்கு முன் அந்தப் போட்டிக்கு வந்தது புது ஓட்டோ ஒன்று. மூக்கில் நாடா கட்டித் திடலின் நடுவில் நிறுத்தியிருந்தார்கள். போத்தல் மூடிகளை அனுப்பியவர்களில் பதினைந்து பேரைக் குலுக்கி எடுத்திருந்தார்கள். பதினைந்து பேரும் ஓட்டோவில் ஒரு கையை வைத்தபடி நிற்க வேண்டும். கடைசி வரை கையை எடுக்காதவருக்கு ஓட்டோ. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிட ஓய்வு. மணிக்கொரு போத்தல் குளிர்பானம். விசில் அடித்ததும் எல்லோரும் ஒன்றாகத் தூக்கி, கமராவைப் பார்த்துக் குடிக்க வேண்டும். குடிக்காதவர் போட்டியிலிருந்து வெளியே. இதற்கெல்லாம் சம்மதம் என்று நீங்கள் கையெழுத்து வைத்தீர்கள்.

ஒன்பது வருசமாய் வாடகை ஓட்டோ ஓட்டியவர் நீங்கள். உங்கள் பெயர் வந்த அன்று நம் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோசம்.

போட்டிக்கு முதல் நாள் அஸர் தொழுதுவிட்டு வந்த உங்களிடம் நான்தான் சொன்னேன்.

"நாளைக்கு வியாழன், சுன்னத்து நோன்பு நாள். நோன்பு பிடிங்க மச்சான். நோன்பாளிட துஆவ அல்லாஹ் தட்ட மாட்டான்."

"வெயில்ல நிக்கோணும் மச்சி. பிரசர்க் குளிசையும் கிடக்கு."

"குளிசைய விடிய முதல் ஸஹர்ல போடுங்க. ஓட்டோவத் தாறது கம்பனியா, அல்லாஹ்வா?"

நீங்கள் சிரித்தீர்கள். "சரி, நீயும் பிடி. ரெண்டு பேர்ட துஆவும் மேல போனா ஓட்டோவோட சேத்து ஒரு கராச்சும் இறங்கும்."

இரண்டு பேரும் பிடித்தோம். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். பிறகு குர்ஆன் விளக்கமும் பத்திரிகையும் பார்த்து நானாக எழுதப் படிக்கப் பழகியவள். அந்தப் படிப்பில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. மார்க்கத்தில் நம் வீட்டில் என் சொல்தான் கடைசிச் சொல். அந்தக் கடைசிச் சொல்லை அன்று உங்கள்மேல் வைத்தேன்.

நோன்பைச் சொல்லிக் காட்டக் கூடாது என்று எவரிடமும் நாம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த விதியின்படி உங்களை வெளியே அனுப்பியிருப்பார்கள். நீங்கள் உயிரோடு வீட்டுக்கு வந்திருப்பீர்கள். விசில் அடிக்க அடிக்க, உள்ளே இருப்பது தெரியாத அந்தக் கறுப்புப் போத்தலை மூடிய உதட்டில் வைத்துத் தொண்டையை அசைத்துக் காட்டினீர்கள். ஓய்வு நேரத்தில் போத்தலைக் கொண்டுவந்து என் பையில் வைத்து, "நோன்பு திறக்க ஆகும்" என்றீர்கள். இது ஏமாற்று என்று எனக்கு அப்போது படவேயில்லை. வணக்கத்தை மறைப்பதாக நினைத்தேன்.

"நம்மட நானாவப் பாருங்க! ஓட்டோவ விடாமப் பிடிச்சிருக்கார். நானா, மதினிய ஒரு நாளாச்சும் இப்பிடிப் பிடிச்சீங்களா?" என்று, நாம் அண்ணனைக் கூப்பிடும் சொல்லாலேயே உங்களைக் கூப்பிட்டு, அறிவிப்பாளர் கேட்டார். திடல் முழுக்கச் சிரிப்பு. மரத்தடியில் குடையோடு இருந்த எனக்கு முகம் எரிந்தது. உள்ளே கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது என்பதை ஏன் மறைக்க?

நண்பகல் ளுஹர் நேர ஓய்வில் குழாயடிக்கு ஓடித் தொழுகைக்கு வுளூச் செய்தீர்கள். வாய் கொப்பளித்துத் துப்பியதைக் கமரா பிடித்துத் திரையில் காட்டியது. "நானாவுக்குத் தண்ணி கசக்குதாம்! எங்கட போத்தல் மட்டும்தான் இனிக்குதாம்!" அதற்கும் சிரிப்பு. நான்கு ரக்அத்தையும் தொழுது முடித்துவிட்டு நீங்கள் ஓடிவந்து கை வைத்தபோது மூன்று விநாடிதான் மிச்சம் இருந்தது.

இரண்டரை மணிக்குப் பிறகு மூன்று பேர்தான் நின்றீர்கள். தகரம் கொதித்துக்கொண்டிருந்தது. விசில் அடித்தது. திறந்த போத்தலோடு நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள். உங்கள் உதடு வெள்ளை பூத்திருந்தது, மச்சான். வாய் திறக்காமல் என்னிடம் ஒன்று கேட்டீர்கள். நீங்கள் கேட்டது எனக்கு விளங்கியது. பதினெட்டு வருசம் குடும்பம் நடத்தியவளுக்கு விளங்காதா?

நான் ஆட்காட்டி விரலை வானத்துக்கு நீட்டிக் காட்டினேன்.

தலையசைத்துவிட்டுத் திரும்பினீர்கள். போத்தல் மூடிய உதட்டில் பட்டு இறங்கி, மூடியோடு உங்கள் காலடிக்குப் போனது. உயிருக்கு ஆபத்தென்றால் நோன்பை விடலாம் என்பது எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். ஏன் இரண்டு பேருமே தெரியாதவர்களைப் போல நடந்துகொண்டோம்?

கொஞ்ச நேரத்தில் உங்கள் முழங்கால் மடிந்தது. "கை எடுத்திட்டார்! நானா கை எடுத்திட்டார்! அவுட்!" என்று அறிவிப்பாளர் கத்தினார். சனம் கைதட்டியது. கை எடுபட்டதை எல்லோரும் கண்டார்கள். ஆள் விழுந்ததை மிச்சம் நின்ற இரண்டு பேரும்கூட உடனே காணவில்லை. கையை எடுத்தால் ஓட்டோ போய்விடுமே என்று அவர்களும் அசையாமல் நின்றார்கள். சனத்தைத் தள்ளிக்கொண்டு நான் வந்து சேர்ந்தபோது உங்கள் கண் என்னைப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் மௌத்து என்றார்கள். மய்யித்தை வெட்ட வேண்டாம், எங்களிடம் தாருங்கள் என்று நம் ஆட்கள் கெஞ்சினார்கள். நானும்தான் கெஞ்சினேன். மரண விசாரணை அதிகாரி இரங்கினார். மாரடைப்பு என்று எழுதினார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முதலே அடக்கிவிட்டோம். உங்கள் வயிற்றில் என்ன இருந்தது, என்ன இல்லை என்பதற்கு இனி என் வாய்தான் சாட்சி.

நான் திரைக்குப் பின்னால் இருந்த காலத்தில் ஊர் தன் பாட்டுக்கு ஒரு கதையைக் கட்டி முடித்துவிட்டது. அந்தக் குளிர்பானத்தில் ஏதோ இருந்ததாம், அதைக் குடித்துத்தான் நீங்கள் போனீர்களாம். உங்கள் தம்பி அப்படியே முறைப்பாடு எழுதிக் கொடுத்திருக்கிறார். வருகிற திங்கட்கிழமை நீதவான் கோட்டில் வழக்கு விளக்கம். என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

போன கிழமை கம்பனியிலிருந்து ஒரு பெண் வந்தாள். கொழும்புப் பிள்ளை, நல்ல மரியாதை. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்து கதிரை நுனியில் இருந்தாள்.

"அன்ரி, அடுத்த கிழமை திரும்பத் திடலுக்கு வாறம், சனிக்கிழமை ஒரு நிமிசம் மட்டும் மேடைக்கு வாங்க. அங்கிள்ட படத்தத் திரையில போடுவம். கம்பனிக்காரர் நல்லாப் பார்த்துக்கொண்டாங்க, கடைசி வரைக்கும் சந்தோசமாக் குடிச்சுக்கொண்டு நிண்டார் எண்டு ரெண்டு வசனம் சொல்லுங்க. அது காணும். உங்கட பேருக்கு ஒரு ஓட்டோ தருவம்."

"அவர் குடிச்சாரா, பிள்ளை?"

"வீடியோவில இருக்கே அன்ரி. ஏழு போத்தல். மற்ற ஆக்களும் அதைத்தானே குடிச்சவங்க? அவங்களுக்கு ஒண்டும் நடக்கேல்லையே."

அவள் போன மறுநாள் தம்பி வந்தார். இத்தா முடிந்த பிறகும் திரைக்கு வெளியே நின்றபடிதான் கதைத்தார்.

"மதினி, கோட்டில ஒரே கேள்விதான் கேப்பாங்க. நானா குடிச்சாரா? ஓம் எண்டு சொல்லுங்க. அவ்வளவுதான்."

"தம்பி, அவர் நோன்பு."

"ஆருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

"அப்ப உங்களோட இருக்கட்டும். வீடியோவில குடிக்கிறார்தானே, ஊரே பார்த்ததுதானே? நீங்க ஒண்டும் புதுசாச் சொல்லப் போறதில்ல. ஓம் எண்ட ஒரு சொல்லு."

"அது பொய் இல்லாம வேறென்ன, தம்பி?"

"உண்மையச் சொல்லி என்ன செய்யப் போறீங்க? கம்பனிக்காரன் சிரிச்சிட்டுப் போவான். நானாவ நீங்கதான் சாக வெச்சிட்டீங்க எண்டு ஊர் கதைக்கும். உம்மா தாங்குவாவா?"

யோசித்துப் பார்த்தேன், மச்சான். கம்பனிக்கும் நீங்கள் குடித்திருக்க வேண்டும், தம்பிக்கும் நீங்கள் குடித்திருக்க வேண்டும். எதிரும் புதிருமாய் நிற்கும் இரண்டு பக்கத்துக்கும் என்னிடமிருந்து தேவைப்படுவது ஒரே பொய்தான். உங்கள் பட்டினியை வைத்துக்கொண்டு நான் ஒருத்திதான் நடுவில் நிற்கிறேன்.

கோட்டுக்கு முதல் உங்கள் உம்மாவுக்குத் தெரிய வேண்டும் என்று பட்டது. இன்று காலை குறிஞ்சாக்கேணிக்குப் போனேன். மாமி முற்றத்தில் இருந்தா. பையைத் திறந்து, நீங்கள் விழுந்த இடத்தில் நான் எடுத்த கடைசிப் போத்தலோடு ஏழு போத்தலையும் அவவின் முன்னால் வைத்தேன். வாய்விளிம்பு வரை அப்படியே இருக்கின்றன. என்ன இது என்று கேட்டா. சொன்னேன். நான் நோன்பு பிடிக்கச் சொன்னதைச் சொன்னேன். விரல் காட்டியதையும் சொன்னேன்.

மாமி என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"விடிய என்ன திண்டான்?"

"ரெண்டு ரொட்டி. மீன் ஆணம் கொஞ்சம்."

"ரெண்டாவத முழுக்கத் திண்டானா?"

"பாதிய வெச்சிட்டார், மாமி."

"அப்ப என்ட புள்ள பசியோட, தாகத்தோட போயிருக்கான்" என்றா. பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டா. நான் எழும்பி வரும்வரை திரும்பவேயில்லை. கை கொடுக்கப் போனேன், கையைத் தரவில்லை.

அந்த நோன்பு ஏற்கப்படுமா என்று மௌலவியின் மனைவியிடம் கேட்டேன். "நிய்யத்து நல்லது ராத்தா, அல்லாஹ் ஏற்றுக்கொள்ளுவான்" என்றாள். உங்கள் நிய்யத்து, மனதில் வைத்த எண்ணம், நல்லது. என்னுடையது? அல்லாஹ்வுக்காகவா நோன்பு பிடிக்கச் சொன்னேன், ஓட்டோவுக்காகவா? கம்பனி திடலில் ஒரு போட்டி நடத்தியது. அதற்குள்ளே நான் இன்னொரு போட்டி நடத்தியிருக்கிறேன். அவர்களாவது ஐந்து நிமிட ஓய்வு கொடுத்தார்கள்.

என் குற்றத்தைச் சொன்னால் அவர்கள் குற்றம் மறைந்துவிடும் என்கிறார் தம்பி. மறையுமா? வெயிலில் ஒரு மனிதன் உதடு வெளுத்து நிற்பதைப் மைக்கோடு பக்கத்தில் நின்றவர் காணவில்லையா? கமரா காணவில்லையா? கண்டுவிட்டுத்தானே பெரிதாக்கித் திரையில் போட்டார்கள்? வைத்தியர் ஒருவரையாவது கொண்டுவந்தார்களா? நாங்கள் எல்லோரும், நான் முதல், ஒரு ஆள் வாடிப்போவதை விளையாட்டென்று பார்த்துக்கொண்டிருந்தோம். அதற்கே நேற்றுத் திரும்பவும் வரிசையில் நின்றோம்.

மச்சான், சனிக்கிழமை நான் மேடைக்குப் போகமாட்டேன். திங்கட்கிழமை கோட்டுக்குப் போவேன். அவர் ஒரு துளியும் குடிக்கவில்லை என்பேன். ஏன் என்று கேட்பார்கள்; நான் சொன்னதால் என்பேன். அவர் என்னிடம் அனுமதி கேட்டார், நான் கொடுக்கவில்லை என்பேன். விழுந்தவரைத் தோற்றவர் என்று கூவினார்கள் என்பதையும் சொல்வேன். அதற்குப் பிறகு ஊர் கதைக்கட்டும், உங்கள் உம்மா வீட்டுப் படலை எனக்குப் பூட்டிக் கிடக்கட்டும்.

உங்களிடம் மன்னிப்புக் கேட்டு இந்தக் கடிதத்தை எழுதவில்லை. இன்னும் கேட்கும் தகுதி எனக்கு வரவில்லை. சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லிவிட்டு, அங்கிருந்து நேரே, உங்கள் கப்று கிடக்கும், பெண் உள்ளே வர ஏலாத மையவாடியின் மதிலுக்கு வருவேன். வந்துதான் கேட்பேன்.

இப்படிக்கு,
உங்கள் மாமி மகளாய்ப் பிறந்து, உங்கள் மனைவியாய் வாழ்ந்து, உங்களுக்குச் சாட்சியாய் மிஞ்சிப்போன மச்சி.