பத்தொன்பதாவது நிறமூர்த்தம்

பூனாகலை,
தை மாதம், ஞாயிறு.

அன்புத் தம்பி ஜொனிக்கு,

அக்கா சஜீவனி எழுதுவது. மாதாவின் துணையால் அம்மாவும் நானும் இருக்கிறோம். கட்டார் வெயிலில் உன் உடம்பு எப்படி இருக்கிறதோ என்பதுதான் இருவருக்கும் யோசனை.

அம்மாவுக்கு இருமல் குறைந்துவிட்டது. அந்தப் பெருமழையில் மலை மண் சரிந்த பிறகு சில கிழமை கோயில் மண்டபத்தில் இருந்தோம். இப்போது தோட்டத்து லயத்து வீட்டுக்கே திரும்பிவிட்டோம். திரும்ப வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். வேறு எங்கே போவது? நம் காம்பரா அறையின் பின்சுவர் வெடித்திருக்கிறது. தூறல் விழுந்தாலே அம்மா செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிடுகிறார்.

நீ போனில் அந்தக் கோவாவை, நோய் பிடிக்காத முட்டைக்கோஸைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் "வருதுடா, வருது" என்று சொல்லிப் பேச்சை மாற்றினேன். இனி அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். கோவா வராது, தம்பி.

உன் மரக்கறிக் காணியை அழித்த அந்த வேர் வீங்கும் நோய் சில முள்ளங்கி வகைகளைப் பிடிப்பதில்லை. கோவாவின் ஒவ்வொரு உயிரணுவிலும் பதினெட்டு நிறமூர்த்தங்கள், அதாவது குரோமோசோம்கள். நோயைத் தடுக்கிற ஒன்றே ஒன்றை மட்டும் முள்ளங்கியிலிருந்து கொண்டுவந்து, பத்தொன்பது உள்ள கோவாவை உண்டாக்குவதுதான் பண்டாரவளையில் எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் என் வேலை. இரண்டையும் கலந்தால் விதை காய்க்குள்ளேயே செத்துப்போகும். கருவை ஊசி முனையால் எடுத்துப் போத்தலில் வளர்த்தோம். பிறந்த செடியோ மலடு. மருந்து கொடுத்து அதைக் காய்க்க வைத்தோம். பிறகு திரும்பத் திரும்பக் கோவாவோடு கலந்து, முள்ளங்கியின் மற்ற நிறமூர்த்தங்களைக் கழித்தோம். வருடக்கணக்கில் போயிற்று. பத்தொன்பது உள்ள செடிகள் கொஞ்சம் கிடைத்த அன்று என்னோடு வேலை செய்யும் நளீரா அழுதேவிட்டாள். நோயுள்ள மண்ணில் அதை நட்டுப் பார்த்தோம். வேர் வெள்ளை நூல் மாதிரி இருந்தது. அந்தப் போட்டோவைத்தான் உனக்கு அனுப்பினேன்.

ஆனால் அந்தக் கூடுதல் ஒன்றுக்குச் சோடி இல்லை. விதைக்குப் போகும்போது பெரும்பாலும் தவறிவிடும். அதற்கும் ஒரு சோடி சேர்த்து இருபதாக்கினால்தான் நிலைத்து நிற்கும். கோவா பூக்க நல்ல குளிர் வேண்டும் என்பதால் தாய்ச்செடிகளைக் குளிரறையில் வைத்திருந்தோம். அப்போதுதான் அந்த மழை வந்தது.

பாதை இல்லை, கரண்ட் இல்லை. ஜெனரேட்டரில் இருந்த டீசலும் சீக்கிரமே முடிந்துபோனதாம். நான் மண்டபத்தில் அம்மாவின் நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தேன். பாதை கொஞ்சம் திறந்ததும் நடந்தும் லொறியில் தொற்றியும் பண்டாரவளைக்குப் போய்ச் சேர்ந்தேன். குளிரறைக் கதவைத் திறந்ததும் அடித்த நாற்றத்திலேயே தெரிந்துவிட்டது. தண்டெல்லாம் கூழாகிக் கிடந்தது.

முந்திய போகத்து விதை ஒரு சிறு பொட்டலம் மிஞ்சியிருந்தது. விதைத்தோம். நாற்றுகளின் வேர் நுனியை வெட்டிச் சாயமேற்றி, மைக்ரோஸ்கோப்பில் ஒவ்வொன்றாக எண்ணினோம். பதினெட்டு. அடுத்ததும் பதினெட்டு. எல்லாமே பதினெட்டு. கடைசி நாற்றையும் நான் எண்ணி முடித்தபோது நளீரா, "நீங்க தள்ளுங்க அக்கா, நான் ஒருக்கா பாக்கிறேன்" என்றாள். வெகுநேரம் குனிந்தபடியே இருந்தாள். பிறகு கண்ணாடித் துண்டைக் கழுவி வைத்துவிட்டுத் தேத்தண்ணி ஊற்றப் போனாள்.

அந்த நாற்றுகள் என்னவோ கொழுகொழுவென்று வளர்ந்தன. பார்க்க வந்த மேலதிகாரிகள் பாராட்டினார்கள். இந்த வேலையை இனித் தொடர வேண்டாம் என்றும் அவர்களே சொல்லிவிட்டுப் போனார்கள். நான் இப்போது உருளைக்கிழங்குப் பகுதியில் இருக்கிறேன்.

எண்ணியும் மனசு கேட்கவில்லை. நாலைந்து நாற்றை உன் காணியில் நட்டேன். அம்மாதான் தண்ணீர் ஊற்றினார். போன கிழமை இலை துவண்டது. அம்மா ஒன்றைப் பிடுங்கினார். வேர் இஞ்சிக் கிழங்கு மாதிரி வீங்கியிருந்தது. அதை முந்தானையில் மறைத்துக் கொண்டுபோய் அடுப்பில் போட்டுவிட்டு, "தம்பிக்கு சொல்லிப்புடாத. அவன் தாங்க மாட்டான்" என்றார்.

எதை நினைத்துச் சொன்னார் என்று உனக்குத் தெரியும். காணி முழுக்க அழுகிய அந்த வருடம், நீ சாகத் துணிந்த பிறகு பதுளை ஆஸ்பத்திரியில் கண் திறந்தபோது உன் கையைப் பிடித்துக்கொண்டு, நோய் பிடிக்காத கோவாவை உனக்குத் தருவேன் என்று சொன்னேன். அதை நம்பித்தான் நீ எழுந்து கஞ்சி குடித்தாய். அதை நம்பித்தான் வெளிநாட்டுக்கும் போனாய். "கோவா வந்தோன்ன வந்துருவேன்க்கா" என்றாய். பொய்யையே சொல்லிக்கொண்டு இருந்துவிடலாமா என்றும் நினைத்தேன். மாசியில் டிக்கெட் போடப் போவதாக நீ சொன்ன பிறகு அதுவும் முடியவில்லை.

வேறு ஏதாவது நடலாம் என்று சொல்லவும் எனக்கு வழியில்லை. காணிக்கு மேலேயும் மலை பிளந்து வெடித்திருக்கிறது. அங்கே இனி யாரையும் இறங்க விடமாட்டார்களாம். உனக்கு ஆறுதலாக ஒரு வரி எழுத வேண்டும் என்று காலையிலிருந்து தேடுகிறேன். கிடைக்கவில்லை.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவருபவர் நளீராவின் தம்பி றிகாஸ். லீவு முடிந்து அங்கே திரும்புகிறார். உனக்கு வேலையில்லாத வெள்ளிக்கிழமை பார்த்துத்தான் கொடுக்க வேண்டும், நீ வாசித்த பிறகு அன்று உன் அறையிலேயே தங்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. சரி என்று மட்டும் சொன்னார்.

அவரைப் போகச் சொல்லிவிடாதே, தம்பி. படுக்க இடம் கொடு. விடிந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிடுங்கள்.

மாதா உன் தலைமாட்டில் இருக்கட்டும்.

உன் அக்கா,
சஜீவனி