தொட்டிலுக்கு மேல் மேப்பிள் பாகு

ஹனோவர், 18 ஏப்ரல் 1971

மதியம் சமையலறையில் மேப்பிள் பாகுப் புட்டி ஒன்று தானாக வெடித்தது. வீட்டுக்காரம்மா போன மாதம் தோட்டத்து மேப்பிள் மரத்தில் சாறெடுத்துக் காய்ச்சிய பாகு. கொதிக்கக் கொதிக்க ஊற்றி மூடச் சொன்னார். பூவேலை செய்த குட்டிக் கண்ணாடிப் புட்டிகள் விரிசல் விடுமென்று பயந்து, நான் காபி ஆற்றுவதுபோல் இரண்டு டம்ளரில் நன்றாக ஆற்றி ஊற்றி, மெழுகால் அடைத்தேன். சூடில்லாமல் அடைத்ததால் உள்ளே புளித்துப் பொங்கியிருக்கிறது.

படுத்த பிறகுதான் நினைவு வந்தது. அதே பாகில் ஒரு புட்டியை மாடிவீட்டுக்குக் கொடுத்தோம். அழகாக இருக்கிறதென்று அதைத் தொட்டிலுக்கு மேல் பலகையில் வைத்திருக்கிறார்கள்.

"தூங்கியிருப்பாங்க, காலைல சொல்லிக்கலாம்" என்றார் இவர்.

மேலே குழந்தை இருமுகிறது. நான் பைத்தியம் மாதிரி உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். திட்டினால் திட்டட்டும், போய்க் கதவைத் தட்டுகிறேன்.