நடுநீரில் முந்திய இழை

உன் கண்ணாடிக் குழாய்ச் சுருள் அகப்பட்டுவிட்டது, மச்சான். ஆய்வுகூடத்திலிருந்து ஓய்வுபெற்ற அன்று நான் கொண்டுவந்த பெட்டிக்குள், அலுமாரியின் கீழ்த்தட்டில் கிடந்தது. கூடவே நம் குறிப்பேடு. உன் பதிவின் மேல் நான் இழுத்த சிவப்புக் கோடு இன்னும் மங்கவில்லை.

ஜெல் கூழ்த்தட்டில் மின்சாரம் பாய்ச்சினால் டி.என்.ஏ. இழைகளில் குட்டையானதுதான் முந்தும். நீளமானது சிக்கிச் சிக்கிப் பிந்தும். எத்தனையோ தரம் பார்த்தவர்கள் நாம். நீயோ கூழே இல்லாமல், இந்தக் குழாயின் தலைமயிரைவிடச் சன்னமான துளைக்குள் உப்புநீரோடு அவற்றை அழுத்தி அனுப்பினாய். நீள இழை முதலில் வந்தது! நான் பதறிப்போனேன். "இழைப் போத்தல் மாறிப்போச்சு" என்று கோடு அடித்தேன். குறிப்பேட்டுக்குப் பொறுப்பு நான். நான் அடித்தது அறிக்கையாக வெளியே போகாது.

நீ சண்டை பிடிக்கவில்லை. "எங்கட இறக்கக்கண்டிப் பாலத்தடிக்கு வந்து பார். களப்புத் தண்ணி கடலுக்கு இறங்கேக்க நடுவில பாயும், கரையில மெல்லமாப் போகும். பெரிய மரக்குத்தி கரையை அண்ட ஏலாது, நடுவிலயே ஓடிடும். சின்னக் குச்சி கரையில ஒதுங்கி மினக்கெட்டுப் பிந்தும். குழாய்க்குள்ள இழையளும் அப்பிடித்தான், போத்தல் ஒண்டும் மாறேல்லை."

"இருக்கலாம் போல கிடக்கு," என்றேன்.

"ஓம் எண்டு சொன்னா உனக்குப் பல்லு விழுந்திடுமே?" என்று சிரித்தாய். அதற்குப் பிறகு நீ அந்தக் குழாயைத் தொடவேயில்லை. போன மாரியோடு நீயும் போய்விட்டாய்.

நேற்றுச் சுருளோடு ஆய்வுகூடத்துக்குப் போனேன். இப்போது பொறுப்பாயிருக்கும் பிள்ளை ஒரு காலைப்பொழுதைத் தந்தாள். நீளத்துக்குச் சிவப்புச் சாயம், குட்டைக்குப் பச்சை.

"ஐயா, லேபலை எத்தனை தரம் பாப்பீங்கள்?"

"இது நாலாவது, பிள்ளை."

முதலில் கூழில் ஓட்டினேன். பச்சை முந்தியது, போத்தல்கள் சரி. அதே போத்தல்களிலிருந்து உன் குழாய்க்குள் விட்டேன். குழாய் முனையில் வருவதைக் காட்டும் திரையில் கோடு வெகுநேரம் தட்டையாகவே ஓடியது.

"சிவப்பு ஐயா! நீட்டுத்தான் முதல் வந்திட்டுது!"

கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பிவிட்டேன். இன்னும் இரண்டு தரம் ஓட்டினோம். மூன்றிலும் சிவப்பே முந்தியது, மச்சான்!

சிவப்புக் கோட்டுக்குக் கீழே எழுதினேன்: "போத்தல் மாறவில்லை. அடித்தது என் பிழை." உன் பெயரையும் எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

"இதை அவரின்ர பேரோட அறிக்கையில போடட்டோ? நிச்சயமோ ஐயா?"

"ஓம்," என்றேன். பல் விழவில்லை. விழ மிச்சமிருப்பதும் இரண்டுதான்.

உன் சுருளில் முறித்த விரல் நீளக் குழாய்த்துண்டு ஒன்றை என் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்திருக்கிறேன். நாளைக் காலை பஸ்ஸில் அதையும் கொண்டு இறக்கக்கண்டிப் பாலத்துக்குப் போகிறேன். நீ கூப்பிட்டும் நான் வராத இடம்.